கவனத்தைக் குலைப்பவர்களே சோம்பேறிப் பட்டமும் கட்டுகிறார்கள்

“உங்களிடம் திறமை இருக்கிறது, ஆனால் கவனம் போதவில்லை, எதையும் கடைசி நேரம் வரை தள்ளிப்போடுகிறீர்கள்” என்று அப்ரைசல் கூட்டங்களில் ஊழியர்களுக்கு வாசிக்கப்படும் தீர்ப்பைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. சொல்பவர் யாரென்று பாருங்கள். 10 மணிக்கு ஒரு கூட்டம், 11.30க்கு மற்றொன்று, பிற்பகலில் இரண்டு என்று அந்த ஊழியரின் நாளைக் கூறுபோட்டவர் அவர்தான், இடையில் மிஞ்சிய அரைமணி நேரத்திலும் “ஒரு நிமிடம் பேசலாமா?” என்று செய்தி அனுப்பியவரும் அவர்தான். நேரத்தைத் துண்டு துண்டாகப் பறித்துக்கொண்டு, மிச்சத்தில் முழு வேலையும் நடக்கவில்லையே என்று ஒருவரைச் சோம்பேறியாக்குவது பச்சை அநியாயம்.

கவனம் எப்படிக் குலைகிறது என்பதைக் கிட்டே நின்று பார்க்காதவர்களால்தான் இப்படிப் பேச முடியும். ஒருவர் காலாண்டு அறிக்கை எழுத உட்காருகிறார். மூன்று எக்செல் கோப்புகளைத் திறந்து, எந்தக் கணக்கு எதோடு இடிக்கிறது என்று வரிவரியாகத் தேடி, இரண்டாவது கோப்பில் ஒரு தொகை இருமுறை ஏறியிருப்பதால்தான் மொத்தம் உதைக்கிறது என்பதைக் கண்டுபிடிக்கப்போகும் நேரத்தில், திரையின் ஓரத்தில் ஒரு செய்தி எழும்புகிறது: “அந்த மெயிலைப் பார்த்தீர்களா?” அந்த மெயிலில் அவசரம் எதுவும் இல்லை. பதில் எழுத அரை நிமிடம்கூட ஆகாது. ஆனால் அவர் கோப்புக்குத் திரும்பும்போது மனத்தில் பிடித்துவைத்திருந்த எண்கள் கலைந்துபோயிருக்கும். எந்த வரியில் சந்தேகம் எழுந்தது என்பதையே மறுபடி முதலிலிருந்து தேட வேண்டும். இது ஒரு நாளில் எத்தனை முறை நடக்கிறது என்று எந்த மேலாளரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அறிக்கை ஒரு நாள் தாமதமானதை மட்டும் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தைச் சேர்ந்த குளோரியா மார்க், கணினியில் பணிபுரிவோர் ஒரு திரையில் எவ்வளவு நேரம் நிலைக்கிறார்கள் என்பதைப் பல ஆண்டுகளாக அளந்துவந்தவர். 2004ஆம் ஆண்டையொட்டிச் சராசரி இரண்டரை நிமிடமாக இருந்தது. பிந்தைய அளவீடுகளில் அது ஏறத்தாழ 47 நொடிகளுக்கு இறங்கிவிட்டது. இந்த இடைப்பட்ட காலத்தில் மனிதர்கள் எல்லோரும் ஒருசேர ஒழுக்கம் கெட்டுவிட்டார்களா என்ன? குறுக்கீடுகளில் கிட்டத்தட்ட பாதியை மனிதர்கள் தாங்களே தங்களுக்குச் செய்துகொள்கிறார்கள் என்பதையும் அவர் கண்டார். அதை மட்டும் பிடித்துக்கொண்டு “பார்த்தீர்களா, குற்றம் உங்களுடையதுதான்” என்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: நாள் முழுவதும் வெளியிலிருந்து இழுபட்டுப் பழகிய மனம், யாரும் இழுக்காதபோதும் தானாகவே எழுந்து போகிறது; அந்தப் பழக்கத்தை ஊட்டிய சூழலைப் பற்றி முதலில் பேசுங்கள். ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது முந்தையதன் ஒரு பகுதி மனத்தில் ஒட்டிக்கொண்டே இருக்கிறது என்றும், அடுத்த வேலையின் தரம் அதனால் குறைகிறது என்றும் மேலாண்மைத் துறை ஆய்வாளர் சோஃபி லெராய் 2009இலேயே எழுதிவிட்டார். ஆனாலும், ஒரே நேரத்தில் பல வேலைகளைச் செய்யத் தெரிந்தவர்கள் தேவை என்று வேலைவாய்ப்பு விளம்பரங்களில் இன்றுவரை கூசாமல் போடுகிறார்கள்.

தள்ளிப்போடுதல் என்னும் குற்றச்சாட்டோ இதைவிடக் கொடுமையானது. யாரும் சும்மா இருக்கும் சுகத்துக்காகத் தள்ளிப்போடுவதில்லை. தள்ளிப்போட்டவர் அந்த நேரத்தில் நிம்மதியாக இருப்பதுமில்லை. உளவியலாளர்கள் ஃபூஷியா சிரோயும் டிமோதி பிச்சிலும் 2013இல் வெளியிட்ட கட்டுரையில், ஒரு வேலையை நினைத்ததும் எழும் அச்சம், சலிப்பு, குழப்பம் போன்ற உணர்வுகளிலிருந்து அப்போதைக்குத் தப்பிக்கத்தான் மனம் அதை ஒதுக்கிவைக்கிறது என்று விளக்கினார்கள். அலுவலகத்தில் அந்த அச்சமும் குழப்பமும் எங்கிருந்து வருகின்றன? “கொஞ்சம் பார்த்து ஒரு நல்ல பிரசன்டேஷனாகப் போட்டுவிடுங்கள்” என்று ஒற்றை வரியில் வேலையைத் தள்ளிவிடுகிறார்கள். யாருக்காக, எத்தனை பக்கம், அதை வைத்து என்ன முடிவெடுக்கப்போகிறார்கள் என்று எதுவும் சொல்வதில்லை. கேட்டால், “உங்களுக்குத் தெரியாததா?” என்ற பதில்தான் வரும். போன முறை இப்படித் தயாரித்துக் கொண்டுபோனதை எல்லோர் முன்னிலையிலும் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பார்கள். அந்த நினைவோடு, எதிர்பார்ப்பு இன்னதென்றே தெரியாத ஒரு கோப்பைத் திறக்க ஒருவருடைய கை தயங்கினால் அதற்குச் சோம்பல் என்று பெயரா? முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தம்மை மன்னித்துக்கொண்ட மாணவர்கள் அடுத்த தேர்வுக்கு முன் அவ்வளவாகத் தள்ளிப்போடவில்லை என்று 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. குத்திக்காட்டுவதால் தள்ளிப்போடுதல் குறையும் என்று நம்புகிறவர்கள் இதையாவது படிக்க வேண்டும்.

சுவர்களை இடித்துத் திறந்தவெளி அலுவலகம் ஆக்கினால் எல்லோரும் கலந்து பேசுவார்கள் என்றார்கள். ஆய்வாளர்கள் ஈதன் பெர்ன்ஸ்டைனும் ஸ்டீஃபன் டர்பனும் அளந்து பார்த்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், அப்படி மாறிய அலுவலகங்களில் நேருக்கு நேர் பேசுவது ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்திருந்தது. அதற்குப் பதிலாக மெயில் அனுப்புவது கூடியிருந்தது.

இத்தனையையும் செய்துவிட்டு, கடைசியில் “கவனத்தை வளர்ப்பது எப்படி” என்று அரைநாள் பயிற்சி வகுப்பு நடத்துகிறார்கள். அந்த அரைநாளில் தேங்கிய வேலையை யார் செய்வது? வகுப்பு முடிந்து இருக்கைக்குத் திரும்பினால் அதே கூட்டங்கள், அதே செய்திகள், பதில் வர பத்து நிமிடம் ஆனால் அதே முகச்சுளிப்பு. ஊழியர் மட்டும் மாற வேண்டும், அவரைச் சுற்றி எதுவும் மாறக் கூடாது என்பதை எந்த வகையில் பயிற்சி என்று ஏற்பது?

நான் கேட்பவை நிர்வாகத்துக்குச் செலவு வைக்காதவை. வேலையைக் கொடுக்கும்போது முடிந்த வேலை எப்படி இருக்க வேண்டும் என்பதை நான்கு வரிகளில் எழுதிக் கொடுங்கள். ஒருவரை அழைத்தே ஆக வேண்டுமென்றால், செய்துகொண்டிருப்பதை எங்கே நிறுத்தினார், திரும்பி வந்ததும் எதிலிருந்து தொடங்குவார் என்று குறித்துக்கொள்ள அவருக்கு ஒரு நிமிடம் விடுங்கள். அந்தச் சிறு குறிப்பே மனம் முந்தைய வேலையில் சிக்கிக்கொள்வதைக் குறைக்கிறது என்று லெராயின் பிந்தைய ஆய்வொன்று காட்டியிருக்கிறது. பதில் வரும் வேகத்தை வைத்து உழைப்பை எடைபோடுவதை நிறுத்துங்கள். யாரிடமும் கெஞ்சாமல், யாருக்கும் விளக்கம் எழுதாமல், செய்திச் செயலியை நாள்தோறும் இரண்டு மணி நேரம் மூடிவைத்து வேலை பார்க்கும் உரிமையை ஒவ்வொருவருக்கும் கொடுங்கள். அந்த நேரத்தில் கூட்டம் போடும் அதிகாரம் உங்களுக்கும் இருக்கக் கூடாது.