மெல்ல மெல்ல மயங்கி விழுபவர்

(குடியிருப்போர் சங்கத்தின் கணக்கு வேலையிலிருந்து நழுவப் பார்க்கும் சித்தப்பா, கைப்பேசியும் கையுமாக அண்ணன் மகள் செல்வியிடம் வருகிறார்.)

சித்தப்பா: செல்வி, செயலாளர் காலையிலிருந்து நாலு தடவை கூப்பிட்டுவிட்டார். எடுத்தால், “உடம்பு எப்படி இருக்கிறது?” என்கிறார்.

செல்வி: அவருக்கு என்ன எழுதினீர்கள்?

சித்தப்பா: வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாக விடப்போகிறேன் என்றுதான். “ஐ வில் பாஸ் அவுட் ஸ்லோலி இன் த்ரீ மன்த்ஸ்.”

செல்வி: மூன்று மாதத்தில் மெல்ல மெல்ல மயங்கி விழுவேன் என்றா எழுதுவார்கள்!

சித்தப்பா: கல்லூரியில் பாஸ் அவுட் ஆனேனே, அன்றைக்கு மயங்கியா விழுந்தேன்?

செல்வி: அது நம் இந்திய ஆங்கிலம், படிப்பு முடிந்ததற்கு மட்டும்.

சித்தப்பா: சரி, அவுட் வேண்டாம். பாஸ் அவே?

செல்வி: இரங்கல் கூட்டமே போட்டுவிடுவார்கள். நீங்கள் கேள்விப்பட்டது ஃபேஸ் அவுட்டாக இருக்கும். அதுகூடப் பெரும்பாலும் பழைய கணினி, பழைய விதி போன்றவற்றைப் படிப்படியாக நீக்குவதற்கு.

சித்தப்பா: நானும் பழசுதானே? போகட்டும். பேக் அவுட்? பின்பக்கமாகவே நடந்து வெளியே போவது?

செல்வி: வாக்குக் கொடுத்துவிட்டுக் கழன்றுகொள்வது.

சித்தப்பா: (குரலைத் தாழ்த்தி) உண்மை அதுதான். எழுத வேண்டாம். ஆமாம், ஆஃப் என்றால் பட்டென்று அணைப்பதுதானே? டாக்டர் மாத்திரையை டேப்பர் ஆஃப் பண்ணச் சொன்னார், நேற்றோடு நிறுத்திவிட்டேன்.

செல்வி: ஐயோ! சீவிய பென்சில் நுனிவரை எப்படிக் குறுகிக்கொண்டே போகிறது? அதுதான் டேப்பர். அளவைச் சிறிது சிறிதாகக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். முதலில் அவரைக் கூப்பிடுங்கள்.

(கூப்பிட்டு, திட்டு வாங்கி முடித்து)

சித்தப்பா: என்ன மொழியோ! சொல் ஒன்று, அர்த்தம் ஒன்று.

செல்வி: போன வாரம் சித்தியிடம் ‘வாங்கிக் கட்டிக்கொண்டேன்’ என்றீர்களே, எதை வாங்கி எங்கே கட்டினீர்கள்?

சித்தப்பா: ...நீயே எழுதிக் கொடு.

செல்வி: “ஐ வில் வைண்ட் டவுன் மை வொர்க் ஓவர் த்ரீ மன்த்ஸ்.”

சித்தப்பா: இங்கே ‘விண்ட்’ என்றல்லவா இருக்கிறது? காற்றா?

செல்வி: எழுத்து அதேதான், உச்சரிப்பு வேறு. சாவி கொடுத்த கடிகாரம் ஓடி ஓடி ஓய்கிற மாதிரி.

(அனுப்புகிறார். உடனே பதில்.)

சித்தப்பா: “ப்ளீஸ் கேரி ஆன் டில் தென்.” சுமக்கச் சொல்கிறாரே?

செல்வி: தொடரச் சொல்கிறார். உங்கள் விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான்.