ஏற்காடு கோடை விழாவை மலை முழுக்கப் பரப்புங்கள்

சேலத்துக்காரர்களுக்குக் கடற்கரை கிடையாது. சென்னையில் இருக்கும் என் சித்தி பிள்ளைகள் மே மாதச் சாயங்காலம் ஆனால் பெசன்ட் நகருக்குக் கிளம்பிவிடுவார்கள். மணலில் கால் புதைத்து உட்கார்ந்து, சுண்டல் வாங்கித் தின்று, நன்றாக இருட்டிய பிறகு வீடு திரும்புவார்கள். அதற்கு யாரும் தேதி குறிப்பதில்லை. எங்களுக்கு அந்த இடத்தில் இருப்பது ஏற்காடு. மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் குழாயில் வெந்நீராகவே வரும் கத்திரி நாட்களில், வீட்டில் யாராவது ஒருவர் "போயிட்டு வந்துரலாமா?" என்பார். எங்கே என்று யாரும் கேட்பதில்லை.

சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர்கூட உயரமில்லாத ஊர். ஏற்காடு 1,500 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி சூடு குறையும் என்பது கணக்கு. அப்படிப் பார்த்தால் 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிக்கும்போது எட்டு டிகிரி குறைந்திருக்கும். அடிவாரம் தாண்டி ஏழெட்டு வளைவு ஏறியதுமே காற்று மாறுவது முகத்தில் தெரியும். என் மகள் அந்த இடம் வந்தால் ஜன்னல் கண்ணாடியை இறக்கச் சொல்லிக் கத்துவாள். அவள் வயதில் பஸ்ஸில் போகும்போது நானும் அதையேதான் செய்தேன்.

இப்படிப்பட்ட மலையில் ஒவ்வொரு மே மாதமும் கோடை விழா நடக்கிறது. 2024-இல் மே 22 முதல் 26 வரை ஐந்து நாள். 2025-இல் மே 23 முதல் 29 வரை ஏழு நாள். அது 48-ஆவது விழா. இடையில் நிற்காமல் நடந்தால் 2027-இல் ஐம்பதாவது விழா வரும். அதற்குள் இந்த விழாவின் அமைப்பை மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. நிறுத்தச் சொல்லவில்லை, சுருக்கவும் சொல்லவில்லை. ஒரே வாரத்தில், ஒரே ஏரிக்கரையில் குவிந்து கிடப்பதை எடுத்து மலை முழுக்கப் பரப்பச் சொல்கிறேன்.

விழா என்றதும் எல்லாருக்கும் அண்ணா பூங்கா மலர்க் கண்காட்சிதான் நினைவுக்கு வரும். அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். அந்த ஒரு வாரத்துக்காகத் தோட்டக்கலைத் துறை ஆட்கள் மாதக்கணக்கில் முன்பே விதை போட்டு, தொட்டி தொட்டியாக டேலியாவும் ஜினியாவும் பெட்டூனியாவும் வளர்க்கிறார்கள். சரியாக மே கடைசியில் பூக்க வைப்பது லேசான வேலை இல்லை. பூவால் செய்த பெரிய உருவங்களுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ள நாங்களும்தான் வரிசையில் நிற்கிறோம்.

ஆனால் என் மனதில் நிற்பது அந்தப் பூ உருவங்கள் அல்ல. ஓரமாக நடக்கும் சின்னச் சின்னப் போட்டிகள்தான்.

கொழுகொழு குழந்தைகள் போட்டியை நீங்கள் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். மலைக்கிராமங்களிலிருந்து இளம் தாய்மார்கள் கைக்குழந்தையோடு வருவார்கள். கன்னத்தில் பெரிய திருஷ்டிப் பொட்டு, இடுப்பில் அரைஞாண், தலையில் ஒட்ட வாரிய எண்ணெய். கூடவே அங்கன்வாடி ஊழியர்கள் வருவார்கள். குழந்தையைவிட அவர்களுக்குத்தான் பதற்றம் அதிகமாக இருக்கும். உயரம், எடை, தடுப்பூசி எல்லாம் பார்ப்பார்கள். நான் பார்த்த வருடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணுக்கு இருபது இருபத்தொன்று வயதுதான் இருக்கும். மடியில் மகனை நிற்க வைத்துக்கொண்டு, "பொறந்தப்ப ரெண்டு கிலோகூட இல்லீங்க அக்கா, இப்பப் பாருங்க" என்றாள். பையன் என் வளையலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். நல்ல பிடி. பரிசு வேறு குழந்தைக்குப் போனது. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை. எடை எழுதிய அட்டையை மட்டும் இரண்டாக மடித்து, பத்திரமாகப் பர்ஸுக்குள் வைத்தாள்.

அந்த அரை மணி நேரத்துக்காகவே இந்த விழா நடக்க வேண்டும் என்பேன். ஒரு குழந்தையின் எடை கூடியதை ஊர் கூடிக் கைதட்டிக் கொண்டாடும் இடம் நம் வாழ்க்கையில் வேறு எங்கே இருக்கிறது?

படகுப் போட்டியும் அப்படித்தான். ஏரிக்கரையில் நின்று முகம் தெரியாத ஒருவருக்காகத் தொண்டை கட்டும்வரை கத்தலாம். நாய்கள் கண்காட்சியில் ராஜபாளையம், சிப்பிப்பாறை என்று நெஞ்சை நிமிர்த்தி நிற்கும் நாய்களுக்கு நடுவே, கழுத்தில் சிவப்புக் கயிறு கட்டிய தன் நாட்டு நாயை ஒரு பையன் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் முகத்தில் இருந்த பெருமை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

சரி, இதில் மாற்ற என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள்.

என் கல்லூரித் தோழி ஏற்காடு மலையிலேயே இருக்கும் வாழவந்தி ஊராட்சியைச் சேர்ந்தவள். இப்போதும் அங்கேதான் இருக்கிறாள். விழாவைப் பற்றி உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தபோது அவள் சொன்னாள்: "உங்களுக்கு அது கோடை விழா. எங்களுக்கு அது பஸ்ஸுல கால் வைக்க முடியாத வாரம்." ஒரு வருடம் விழாவின் ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பாவுக்குக் காய்ச்சல் அதிகமாகி, சேலத்துக்கு அழைத்துப் போக வேண்டியிருந்தது. ஏற்காட்டில் இருக்கும் ஒண்டிக்கடை ரவுண்டானாவைத் தாண்டவே ஒரு மணி நேரம் ஆனதாம். அவர் பின் சீட்டில் கண் மூடிப் படுத்திருந்தார், ஜன்னலுக்கு வெளியே பீப்பி ஊதிக்கொண்டு போனார்கள் என்றாள். அதே ஞாயிற்றுக்கிழமை நாங்களும் மேலேதான் இருந்தோம். அந்த வரிசையில் எங்கள் காரும் ஒன்று.

இது யார் தவறும் இல்லை. விழா நாட்களில் ஏறுவதற்கு அடிவாரம் வழி, இறங்குவதற்குக் குப்பனூர் வழி என்று ஒருவழிப் பாதை ஆக்குகிறார்கள். அதுவும் இல்லாவிட்டால் மலை அப்படியே நின்றுவிடும். வெயிலிலும் மழையிலும் வளைவுக்கு வளைவு நிற்கும் போக்குவரத்துக் காவலர்களைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். பிரச்சினை இடத்தின் அமைப்பில் இருக்கிறது. கடற்கரை நீளமானது. எந்தத் தெரு வழியாக வந்தாலும் மணலில் இறங்கிவிடலாம், கூட்டம் தானாகப் பிரிந்துவிடும். மலை அப்படி இல்லை. சேலத்திலிருந்து ஏறுவதற்கு இரண்டு பாதை, மேலே ஒரு ரவுண்டானா, ஒரு ஏரி, பக்கத்திலேயே ஒரு பூங்கா. சேலம், நாமக்கல், ஈரோடு, தர்மபுரி என்று சுற்றியுள்ள மாவட்டமெல்லாம் ஒரே சனி ஞாயிறில் அங்கே வந்து இறங்கினால் எந்த ஏற்பாடும் தாங்காது.

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. சென்னை உயர் நீதிமன்றம் தலையிட வேண்டிய அளவுக்கு அங்கே நெரிசல் முற்றியிருந்தது. ஏற்காட்டுக்கு அந்த நிலை வந்த பிறகு யோசிப்பதைவிட இப்போதே யோசிக்கலாம் இல்லையா?

யோசிக்க வெகுதூரம் போகவும் வேண்டாம். நீலகிரியில் கோடை விழா ஒரே இடத்தில் நடப்பதில்லை. காய்கறிக் கண்காட்சி கோத்தகிரி நேரு பூங்காவில், வாசனைத் திரவியக் கண்காட்சி கூடலூரில், ரோஜாவும் மலரும் ஊட்டியில், பழக் கண்காட்சி குன்னூர் சிம்ஸ் பூங்காவில். மே மாதம் முழுக்க, ஊர் ஊராக. நீலகிரி ஒரு மாவட்டம், ஏற்காடு ஒரு வட்டம்தானே என்பார்கள். அளவு சின்னதுதான். ஆனால் ஏற்காடு ஒன்றியத்தில் ஒன்பது ஊராட்சிகள் இருக்கின்றன. நாகலூர், வெள்ளக்கடை, மஞ்சக்குட்டை, மாரமங்கலம், தலைச்சோலை, செம்மநத்தம், வேலூர், வாழவந்தி, ஏற்காடு. அறுபதுக்கும் மேற்பட்ட மலைக்கிராமங்கள். மலையேறும் நம்மில் எத்தனை பேர் இதில் மூன்று ஊர்ப் பெயரைச் சொல்வோம்? பகோடா பாயிண்ட், லேடீஸ் சீட் என்று சுற்றுலா இடங்களைச் சட்டென்று சொல்லிவிடுவோம்.

நாகலூர்ப் பக்கம் ஒரு நாள் காப்பிக்கும் மிளகுக்கும் என்று ஒதுக்குங்கள். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்த காப்பி, இன்று இந்த மலையின் பிழைப்பு. மே மாதம் அறுவடைக் காலம் இல்லை, உண்மைதான். ஆனால் வறுப்பதையும் அரைப்பதையும் எந்த மாதமும் காட்டலாம். சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி எப்படி ஏறுகிறது என்று தோட்டத்து ஆட்களே பிள்ளைகளுக்குச் சொல்லட்டும். வெள்ளக்கடையில் ஒரு நாள் கேழ்வரகும் சாமையும். சமையல் போட்டியை அங்கே வைத்தால், களி கிண்டத் தெரிந்த பாட்டிமார்களே நடுவர்களாக உட்காரலாம். கொழுகொழு குழந்தைகள் போட்டியை ஊராட்சிக்கு ஊராட்சி நடத்துங்கள். கைக்குழந்தையோடு ஒரு தாய் நெரிசலில் ஏரிக்கரைக்கு வருவதற்குப் பதில், எடை மெஷினும் பரிசும் அவள் ஊருக்குப் போகட்டும். கடைசி வாரம் வழக்கம்போல அண்ணா பூங்காவில் மலர்க் கண்காட்சி. முடிந்தவரை எல்லாவற்றையும் வார நாட்களில் வையுங்கள். பள்ளி விடுமுறைதானே.

இதில் இன்னொரு காரணமும் எனக்கு முக்கியம். இந்த மலை, மலையாளி பழங்குடி மக்களின் மலை. பெயரைப் பார்த்துக் கேரளம் என்று நினைத்துவிடாதீர்கள், அவர்கள் பேசுவது தமிழ்தான். தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட சட்டமன்றத் தொகுதிகள் இரண்டே இரண்டு: ஏற்காடும் சேந்தமங்கலமும். அப்படிப்பட்ட மண்ணில் நடக்கும் விழாவில் அந்த மக்கள் பெரும்பாலும் பலாச்சுளை விற்பவர்களாக, பார்க்கிங்கில் கை காட்டுபவர்களாகத்தான் நம் கண்ணில் படுகிறார்கள். அவர்கள் விருந்து வைக்கிறவர்களாக இருக்க வேண்டும். அதற்கு நாம் சொல்லிக்கொடுக்க ஒன்றும் இல்லை. சேர்வராயன் கோயில் திருவிழாவில் அவர்கள் ஊர் ஊராகத் திரண்டு வருவதைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். கீழே சேலத்தில், குகை என்ற பகுதியில் இருக்கும் மாரியம்மன் கோயில் ஆடித் திருவிழாவில் வண்டி வேடிக்கை நடக்கிறதே, அதில் எங்கள் சேலத்து மக்களே வேடம் கட்டி வண்டியில் ஏறி நிற்கிறார்கள். தெருவே வேலை செய்கிறது. அதனால்தான் அந்த இரவில் தெருவில் நிற்கிற யாரும் அந்நியராக உணர்வதில்லை.

ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி போடும் அக்காவிடம் இதைச் சொன்னேன். அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "அந்த ஏழு நாள் யாவாரத்துலதான் கண்ணு வட்டி கட்டுறேன். கூட்டத்தக் கலைச்சு விட்டுட்டீங்கன்னா?" என்றார். நியாயமான பயம். நான் யோசித்துப் பார்த்தேன். நாட்கள் கூடினால் வியாபார நாளும் கூடும், ஒரு நாள் மழை வந்து கெடுத்தால் அடுத்த வாரம் இருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மே மாதக் கடைசியில் இடி மழை வந்து கடையைச் சுருட்ட வைப்பது அவருக்கும் தெரிந்ததுதானே. ஆனாலும் எந்த ஊருக்கு விழா போனாலும், இப்போது ஏரிக்கரையில் கடை போடுகிறவர்களுக்கு அங்கே முதலில் இடம் கொடுக்க வேண்டும். அது இல்லாமல் இந்த மாற்றத்தை நான் கேட்க மாட்டேன்.

ஜனவரி 26 அன்று கிராம சபை கூடும். மறுபடி மார்ச்சிலும் மே 1 அன்றும். என் தோழி தன் ஊராட்சியில், கோடை விழாவில் ஒரு நாள் எங்கள் ஊருக்கு வேண்டும் என்று தீர்மானம் கொடுக்கப் போகிறாள். எழுதி வைத்துவிட்டாள், நேற்று போனில் படித்துக் காட்டினாள். ஒன்பது ஊராட்சியிலும் இதைப் படிக்கும் யாராவது இருந்தால், உங்கள் ஊருக்கும் ஒன்று எழுதுங்கள். என்ன எழுதுவது என்று தெரியாவிட்டால் கேளுங்கள், அவள் எழுதியதை அனுப்புகிறேன்.