சிரட்டைக் கிண்ண வழக்கு
பௌத்தத் துறவிகளின் ஒழுங்கு விதிகளான விநயம் அரச சட்டத்தின் நகல்தான் என்று ஒரு கட்டுரை வாதிடுகிறது. ஐந்து மாசகம் (மாசகம் ஒரு பழைய நாணயம்) பெறும் பொருளைத் திருடிய பிக்கு சங்கத்தைவிட்டு நீங்க வேண்டும் என்ற வரம்பு, மகத மன்னன் பிம்பிசாரனின் தண்டனை வழக்கத்திலிருந்து வந்தது என்று அது சொல்வது சரிதான். ஆனால் அதை வைத்தே விநயத்தை அரச சட்டத்தின் நகல் என்று முடித்துவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. தன்னுடையது என்று நினைத்து எடுத்த பிக்குவுக்கு விநயத்தில் குற்றமே கிடையாது. எண்ணத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள். அப்புறம் விலை. அதில் எவ்வளவு நுணுக்கம்! விநயத்துக்கு எழுதப்பட்ட சமந்தபாசாதிகை உரையில் ஓர் இலங்கை வழக்கு வருகிறது. ஒரு பிக்கு அழகாகச் செய்து வைத்திருந்த சிரட்டைக் கிண்ணத்தை இன்னொருவர் திருடிச் சேதியகிரி மடாலயத்துக்குக் கொண்டுபோய், அதில் கஞ்சி குடிக்கும்போது மாட்டிக்கொண்டார். வழக்கைத் தீர்த்த, விநயத்தில் தேர்ந்த கோதத்த தேரர், கிண்ணத்தை எடுத்த இடத்து விலையைத்தான் விசாரித்தார். அங்கே தேங்காயைத் தின்றுவிட்டுச் சிரட்டையை விறகுக்குப் போடுவார்கள். செய்கூலியும் ஒரு மாசகமோ அதற்கும் குறைவோதான். திருடும் எண்ணம் இருந்தும், சங்கத்தைவிட்டு நீங்கும் அளவுக்குக் குற்றமில்லை என்று தீர்த்தார். இதைக் கேட்ட இலங்கை மன்னன் பாதியன், கோதத்தர் தீர்த்த வழக்கே சரியாகத் தீர்ந்த வழக்கு என்று முரசறைவித்தான்.