கூடிப் பேச யார் கையெழுத்து வேண்டும்?

ஆட்டிசம் நிபுணர் ஒருவர் மேடையில் பேசிய அந்த வீடியோவை ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஆளாளுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். பார்த்துவிட்டேன், போதும். "ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் தாங்களாகவே கூடிப் பேசுகிறார்களாமே?" என்ற கேள்விக்கு அந்த நிபுணர், "குருடனுக்குக் குருடன் வழிகாட்டுற கதைதான்" என்கிறார். அரங்கம் சிரிக்கிறது. பின்னால் பேனரில் 'ஏற்றுக்கொள்வோம், அரவணைப்போம்' என்று இருக்கிறது. பெயர் சொல்லப்போவதில்லை. தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியும்.

அதற்கடுத்து அவர் சொன்னதுதான் இன்னும் உறுத்துகிறது. தகுதியுள்ள தெரபிஸ்டின் மேற்பார்வை இல்லாமல் இப்படிக் கூடுவது ஆபத்தாம். ஐயா, அப்படிக் கூடுகிறவர்களில் நானும் ஒருவன். நாங்கள் கூடுவது சிகிச்சைக்கு அல்ல. வாக்கிங் முடித்த மாமாக்கள் பார்க் பெஞ்சில் உட்கார்ந்து சுகர் அளவை ஒப்பிட்டுப் பேசும்போது பக்கத்தில் டாக்டர் நிற்கிறாரா? வேலைக்குப் போகிறோம், வாடகை கொடுக்கிறோம், ஓட்டுப் போடுகிறோம். ஒரு சாயங்காலம் ஒன்றாக உட்கார மட்டும் யாரிடமாவது கையெழுத்து வாங்க வேண்டுமா?

பழமொழிக்கு வருகிறேன். கல்லூரியில் என் வகுப்பில் பார்வையற்ற மாணவர்கள் இருந்தார்கள். எந்த பஸ்ஸில் நடத்துநர் ஸ்டாப் பெயரைச் சத்தமாகச் சொல்வார், எந்தப் பேராசிரியர் பாடத்தைப் பதிவு செய்ய விடுவார், பரீட்சையில் சொல்லச் சொல்ல எழுதித்தர ஸ்கிரைப் வேண்டுமென்றால் யாரைப் பிடிக்கலாம் என்பதெல்லாம் அவர்களுக்குப் பார்வையற்ற சீனியர்கள் சொல்லிக்கொடுத்தது. கண் தெரிந்த நாங்கள் கையைப் பிடித்து இழுத்து ரோடு கடக்க வைத்ததோடு சரி, அதுவும் கேட்காமலே. பழமொழி சொன்னவருக்கு எங்களையும் தெரியாது, பார்வையற்றவர்களையும் தெரியாது.

எனக்கு ஆட்டிசம் என்று உறுதியானது முப்பத்து நான்கு வயதில். அதுவரை வீட்டில் எனக்கு 'திமிர் பிடிச்சவன்' என்று பெயர். ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு, "இனி நான் என்ன செய்யணும்?" என்று கேட்டேன். குழந்தைகளுக்கான தெரபி மையங்களின் பட்டியலைக் கொடுத்தார்கள். நல்லவேளை, கிலுகிலுப்பை தரவில்லை.

அப்புறம் நானே தேடித்தான் இந்தக் குழுவுக்கு வந்து சேர்ந்தேன். முதல் நாள் போனபோது ட்யூப்லைட்டை அணைத்து வைத்திருந்தார்கள். ஒருவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார், கடைசிவரை அப்படியேதான் பேசினார். இன்னொருவர் மாநகர பஸ் வழித்தடங்கள் எப்படியெல்லாம் மாறின என்று சொல்லிக்கொண்டே போனார். யாரும் வாட்சைப் பார்க்கவில்லை. சட்டையில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அன்றைக்கு அவரிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது. இது நாங்கள் கண்டுபிடித்ததில்லை. அமெரிக்காவில் ஆட்டிசம் உள்ளவர்களே 1996-இல் தொடங்கி நடத்திய 'ஆட்ரீட்' முகாமில் இருந்த பழக்கம். யார் மேற்பார்வை பார்த்தார்கள் என்று கேட்காதீர்கள்.

கல்யாண வீடு எனக்கு நரகம். கெட்டிமேளம் கொட்டும்போது மண்டைக்குள் ஆணி அடிக்கிற மாதிரி இருக்கும். அதைவிட மோசம், "எப்போ உன் கல்யாணம்?" குழுவில் ஒரு அக்கா சொன்னார்: "பந்தி பரிமாறப் போயிடு. டைனிங் ஹால்ல மேளச் சத்தம் கம்மி. கையில வாளி இருந்தா எவனும் கல்யாணம் எப்போன்னு கேக்க மாட்டான், சாம்பார்தான் கேப்பான்." சித்தப்பா மகள் கல்யாணத்தில் அப்படியே செய்தேன். "பையன் எவ்வளவு பொறுப்பாயிட்டான்" என்று சித்தி கண் கலங்கினார். கட்டணம் கட்டிப் போன எந்த தெரபி செஷனிலும் இப்படி ஒரு யோசனை எனக்குக் கிடைத்ததில்லை.

"அனுபவம் ஆதாரமாகுமா?" என்று கேட்பவர்களுக்கு: எடின்பரோவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2020-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒருவருக்குச் சொன்ன கதையை அவர் அடுத்தவரிடம் சொல்ல, அவர் அதற்கடுத்தவரிடம் சொல்ல, எட்டுப் பேர் கொண்ட வரிசை. எல்லோருக்கும் ஆட்டிசம் இருந்த வரிசையில், ஆட்டிசம் இல்லாதவர்கள் வரிசையில் போலவே செய்தி நன்றாகப் போய்ச் சேர்ந்தது. கலந்து நிறுத்தியபோதுதான் அதிகம் சிதைந்தது. 2025-இல் 311 பேரை வைத்து மறுபடியும் செய்தார்கள், மூன்று வகை வரிசைக்கும் வித்தியாசமே இல்லை. சரி, முதல் முடிவு அப்படியே திரும்ப வரவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எங்களுக்குள் பேசிக்கொள்ளத் தெரியாது என்று இரண்டில் எது சொல்கிறது?

ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007-இல் ஏற்றது. அதன் 26-ஆவது பிரிவு, ஒரே நிலையில் உள்ளவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்பதையும் அரசு எடுக்க வேண்டிய நடவடிக்கைகளில் சேர்த்திருக்கிறது. நிபுணர் படித்திருப்பார்.

"ஆட்டிசம் என்று சர்டிஃபிகேட் இல்லாதவர்களும் வருவார்களே?" வரட்டும். சாப்பாடா போடுகிறோம், கணக்குப் பார்க்க?

ஒரு அம்மாவின் கமெண்டுக்கு மட்டும் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். "உன்னால் பக்கம் பக்கமாக எழுத முடிகிறது, என் மகனால் பேசவே முடியாது. நீ அவனுக்காகப் பேசாதே" என்று எழுதியிருந்தார். அம்மா, நான் அவனுக்காகப் பேசவில்லை. எங்களிடம் வருகிற ஒருவர் வாய் திறந்து பேசுவதில்லை, போனில் டைப் செய்து காட்டுவார். அவர் அம்மா வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருப்பார். உங்கள் மகனுக்கு எங்களால் என்ன முடியும் என்று எனக்கு முழுசாகத் தெரியாது. ஆனால் "எங்களுக்குப் பிறகு இவனுக்கு யார்?" என்று எல்லாப் பெற்றோரும் கேட்கிறீர்களே, அதற்கு வரும் பதில் எல்லாம் மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட், சட்டப்படியான பாதுகாவலர், இன்சூரன்ஸ். எல்லாம் வேண்டும்தான். நண்பர்கள் என்று ஏன் ஒருவர் வாயிலும் வருவதில்லை?

டொனால்ட் டிரிப்லெட் என்று ஒருவர் இருந்தார். அமெரிக்க மனநல மருத்துவர் லியோ கானர் 1943-இல் எழுதிய ஆட்டிசம் கட்டுரையின் முதல் குழந்தை. மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்ற சிற்றூரில் பேங்க் வேலை பார்த்தார், கோல்ஃப் ஆடினார், நாடு நாடாகச் சுற்றினார். பெற்றோர் போன பிறகும் அதே ஊரில் பல ஆண்டுகள் வாழ்ந்து, 2023-இல் 89 வயதில் இறந்தார். வசதியான குடும்பம், பேங்க்கே குடும்பத்துக்குப் பங்குள்ளது, தெரியும். ஆனால் கூட கோல்ஃப் ஆட வந்த ஆட்களைப் பணம் கொடுத்தா பிடித்தார்கள்?

உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த நிபுணர் மேல்கூட இவ்வளவு கோபம் இல்லை. மேடையில் மைக் பிடித்தவர் நாலு வார்த்தை அப்படி இப்படிப் பேசுவார். சிரித்தவர்கள் யார்? முன்வரிசையில் பாதிப் பேர் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர். அந்தச் சிரிப்போடு வீட்டுக்குப் போய் அந்தப் பிள்ளைக்கே சோறு ஊட்டியிருப்பார்கள். அதில் ஒரு முகம் எனக்குத் தெரிந்த முகம், அவர் பையன் எங்கள் குழுவுக்கு வருகிறவன். அவன் வீடியோவைப் பார்த்துவிட்டான். போன தடவை அவன் சட்டையில் சிவப்பு ஸ்டிக்கர். யாரும் எதுவும் கேட்கவில்லை.

மதுரையிலிருந்து இன்பாக்ஸில் எழுதிய தம்பிக்கு: பதில் போட்டிருக்கிறேன், மெசேஜ் ரிக்வெஸ்டில் பார். உங்கள் ஊரிலும் ஏற்கெனவே இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள், சேர்த்துவிடுகிறேன். நேரில் பேசத் தயக்கமாக இருந்தால் முதல் தடவை சும்மா வந்து உட்கார்ந்துவிட்டுப் போகலாம்.