பொறுமை இல்லாத பெற்றோர்களாம் நாங்கள்

அந்த வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதன்மேல் எழுதப்பட்ட பதிவையும்தான். அதை இங்கே திரும்பப் பகிர்ந்து கூட்டம் சேர்த்துக் கொடுக்கப் போவதில்லை. ஒரு குழந்தை, எதிரே குட்டி ரோபோ. அது கையைத் தூக்க, குழந்தையும் தூக்குகிறது. "பெற்றவர்களுக்குப் பொறுமையில்லை, பிள்ளையை மெஷினிடம் தள்ளிவிட்டார்கள்" என்று ஒருவர் எழுதிவிட்டுப் போய்விட்டார். எனக்கு மனசு ஆறவே இல்லை.

பொறுமையா? என் பையனுக்கு செரிப்ரல் பால்சி, மூளை பாதிப்பால் உடம்பின் அசைவு கட்டுப்படாத நிலை. இடது பக்கம் முழுக்கத் தசை இறுக்கம். காலையில் எழுந்ததும் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிப்பேன். கட்டைவிரல் உள்ளங்கைக்குள் புதைந்து கிடக்கும், அதுதான் கடைசியில் வெளியே வரும். அவசரப்பட்டு இழுத்தால் இன்னும் இறுகும். இதெல்லாம் பொறுமை இல்லாதவர்கள் செய்கிற வேலையா?

இந்தக் குழந்தைகளுக்குப் பயிற்சி என்றால் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதுதான். "இன்னொரு தடவை தூக்குடா, இன்னும் கொஞ்சம் மேலே" என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். ஒரு கட்டத்தில், நான் அறைக்குள் நுழைந்தாலே இடக்கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்ள ஆரம்பித்தான். பெற்ற பிள்ளை என்னைப் பார்த்துக் கையை ஒளிக்கிறான். அந்த வலி தெரியுமா உங்களுக்கு?

அப்புறம்தான் தெரபி சென்டரில் நாவோ என்ற மனித உருவ ரோபோ வந்தது. 58 சென்டிமீட்டர்தான் உயரம், அவன் குனிந்து பார்க்கிற ஆள். அது செய்துகாட்டும், அவனும் செய்வான். ரொம்ப நேரம் நின்றால் அதன் மோட்டார்கள் சூடாகிவிடும், உட்காரவைக்க வேண்டும். முதல்முறை அது உட்கார்ந்தபோது, "அதுக்கும் கால் வலிக்குதாம்மா?" என்று கேட்டான். அது எழுந்திருக்கும்வரை காத்திருந்து, அவனாகவே கையைத் தூக்கினான். இன்னொரு தடவை என்று யாரும் சொல்லவில்லை.

திரும்பவும் சொல்கிறேன். அது என் இடத்துக்கு வரவில்லை. நச்சரிக்கிற வேலையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டது. வீட்டுக்கு வந்தால் நான் அவனுக்கு வெறும் அம்மா. இதில் பாசம் எங்கே குறைந்தது?

"அப்போ பிசியோதெரபிஸ்ட் எதற்கு?" என்று கேட்பீர்கள். கை உயரவில்லை என்றால் என் பையன் உடம்பை வலப்பக்கம் சாய்த்து, தோளைத் தூக்கி ஏமாற்றுவான். ரோபோ அதற்கும் பாராட்டும். பக்கத்தில் இருக்கிற தெரபிஸ்ட்தான் தோளில் உள்ளங்கையை வைத்து, "உடம்பு நேரா இருக்கட்டும், கை மட்டும் வரட்டும்" என்பார். தசை இன்றைக்கு எவ்வளவு இறுகியிருக்கிறது என்பது அவர் கைக்குத்தான் தெரியும். அவர் இல்லாத அறையில் என் பையனை ஒரு நிமிஷம்கூட விடமாட்டேன்.

"புதுசு போனால் சலித்துவிடும்." சலிக்கும்தான். எந்த விளையாட்டு சலிக்காது? "பின்னால் ஒருவர் லேப்டாப்பில் இயக்குகிறாரே." இயக்கட்டும், பல ஆய்வுகளில் அப்படித்தான். "நிரூபணம் இருக்கிறதா?" மெல்போர்னில் ராயல் சில்ட்ரன்ஸ் மருத்துவமனையில் ஸ்வின்பர்ன் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து இதே நாவோவை வைத்து முயன்றிருக்கிறார்கள். ஸ்பெயினில் நாவோதெரபிஸ்ட் என்று ஒரு திட்டமே நடந்தது. குழந்தைகள் ஆர்வமாகச் செய்கிறார்கள் என்பது தெரிகிறது. கை நிரந்தரமாகத் தேறுமா என்று சொல்ல இன்னும் பெரிய ஆய்வுகள் வேண்டும். ஆனால் செய்யாத பயிற்சியால் எந்தக் கை தேறும்?

உண்மையிலேயே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது, அதை அந்தப் பதிவில் ஒருவரும் கேட்கவில்லை. 2024 டிசம்பரில் எம்பாடிட் என்ற ரோபோ நிறுவனம் மூடப்போவதாக அறிவித்தது. குழந்தைகளோடு பேசும் அவர்களுடைய மாக்ஸி ரோபோ இணையத்தில் இருக்கும் சர்வரை நம்பி இயங்கியது. அதோடு பேசிப் பழகிய குழந்தைகளுக்கு, அது பேசாமல் போகலாம் என்று பெற்றோர் விளக்க வேண்டியிருந்தது. நாவோவைச் செய்த ஆல்டபரானும் 2025-ல் கடனில் சிக்கி நீதிமன்றம் போனது. நாளைக்குப் பழுதானால் யார் பார்ப்பார்கள், குழந்தைக்கு யார் பதில் சொல்வார்கள்? கம்பெனிகளிடம் கேளுங்கள், நானும் கூட நிற்கிறேன். உங்களுக்கோ, தாயின் பாசத்தை அளப்பதுதான் சுலபமாக இருக்கிறது. கவனித்தீர்களா, கமெண்டுகளில் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

அந்தப் பதிவுக்கு இதயக்குறி போட்டவர்களில் என் சொந்தக்காரர்களும் இருக்கிறார்கள். பெயர்களைப் பார்த்தேன். பார்க்கும்போதெல்லாம் "இன்னும் சரியாகலையா?" என்று அவன் காதுபடக் கேட்பவர்கள். கையை நேராகப் பிடித்துவைக்கும் ஸ்பிளிண்டை எந்தக் கைக்குப் போடுகிறான் என்றாவது உங்களில் யாருக்காவது தெரியுமா? ஒருநாள் அவனோடு தரையில் உட்கார்ந்து பந்து உருட்டியிருக்கிறீர்களா? சனிக்கிழமை வீட்டில்தான் இருப்போம். வாருங்கள். அவன் இடப்பக்கம் உட்காருங்கள், அந்தக் கையால்தான் அவன் பந்தைத் தள்ள வேண்டும்.