தானா வர்ற சத்தமாம்!

போட்டோ ஃபைலைச் சத்தமா மாத்தி ஒரு புள்ள இசை பண்ணிப் போட்ட வீடியோவுக்குக் கீழே, நேத்து கமெண்ட்ல நடந்த கூத்தைப் பாத்திருப்பீங்க. "பிரிண்டர் ரிப்பேரா?" வரைக்கும் சரி, சிரிச்சுட்டுப் போயிடலாம். "ஒரு போட்டோ ஃபைலைத் தூக்கிப் போட்டா தானா வர்ற சத்தம், இதுக்கு எதுக்குக் கைத்தட்டல்"னு ஒருத்தர் எழுத, வரிசையா ஹார்ட்டு. அங்கதான் எரியுது.

தானா வருதா? சரி, செஞ்சு பாருங்க. சத்தத்தை வெட்டி ஒட்டற மென்பொருள் ஆடாசிட்டி இலவசம்தான். இம்போர்ட்ல 'ரா டேட்டா', அன்சைன்ட் 8 பிட், மோனோ, 44100. அதாவது எந்த ஃபைலா இருந்தாலும் ஒரு பைட்டை ஒரு சத்தப் புள்ளியா எடுத்து, நொடிக்கு 44100 பைட் வாசிக்கும். முதல்ல ஹெட்போனைக் கழட்டுங்க, முழு அளவுல பாயும். உங்க ப்ரொஃபைல் போட்டோவை ஜேபெக்காவே கொடுங்க. சிக்னல் போன டிவி மாதிரி இரையும், அவ்வளவுதான். ஜேபெக் ஏற்கெனவே சுருக்கின ஃபைல்; திரும்பத் திரும்ப வர்றதையெல்லாம் பிழிஞ்சு எடுத்தாச்சு. அப்புறம் சுருதி எங்கேருந்து வரும்?

அதே படத்தைச் சுருக்காத 24 பிட் பிஎம்பி ஃபைலா ஆக்கி, அகலத்தை 100 பிக்ஸலுக்குக் கொண்டுவாங்க. பிக்ஸலுக்கு மூணு பைட், வரிசைக்கு 300 பைட். 44100-ஐ 300-ஆல வகுத்தா 147. அடுத்தடுத்த வரிசை கிட்டத்தட்ட ஒண்ணுபோலவே இருக்கறதால 147 ஹெர்ட்ஸ்ல ஒரு ரீங்காரம் நிக்கும். அகலம் 200 ஆனா ஒரு ஸ்தாயி கீழே இறங்கும். படத்தோட அகலம்தான் சுருதிப்பெட்டி! வெள்ளை வானம் வர்ற இடத்துல சத்தமே இருக்காது. எல்லா பைட்டும் 255-லயே நின்னா அலை ஏது? அது ஆரம்பிக்கற இடத்துல ஒரு 'டக்'. அதை வெட்டணும், அலை நடுக்கோட்டை விட்டு விலகி நிக்கற டிசி ஆஃப்செட்டை எடுக்கணும், அப்புறம் மிஞ்சினதுல எந்த அரை நொடி காதுக்கு ஆகும்னு உக்காந்து பொறுக்கணும். தானா வருதாம்.

"இதுல ராகம் எங்க?"னு கேக்கறவங்களுக்கு வேற நாள். "இரைச்சல் பிடிக்கல"ன்னா நியாயம், யாரும் கட்டிப்போடல. உழைப்பே இல்லன்னு மட்டும் சொல்லாதீங்க. 1980களின் நடுவுலேயே ஜப்பானியக் கலைஞர் யசுனாவோ டோனே செலோடேப்புல ஊசித்துளை போட்டு, சிடிக்கு அடியில ஒட்டி வாசிக்க விட்டார். சும்மா கீறினா போதாதான்னு கேப்பீங்க. 2.5 மில்லிமீட்டர் அளவுக்குச் சேதமானாலும் பிளேயர் சத்தமில்லாம திருத்திடும். தப்பைத் திருத்தறதுக்குன்னே செஞ்ச மெஷின்கிட்டேருந்து தப்பை வரவழைக்கணும். ஜெர்மனியில ஓவல் குழு சிடி மேல பேனாவால கிறுக்கி, அது குதிக்கற சத்தத்தைப் பிடிச்சுக் கோத்தது. அதுவும் தானா வரல.

இன்னொண்ணு. அந்த கமெண்ட் போட்டவங்கள்ல முக்கால்வாசிப் பேர் போன் ஸ்பீக்கர்லதான் கேட்டிருப்பீங்க. அந்தக் குட்டி ஸ்பீக்கர்ல 147 ஹெர்ட்ஸ் பேருக்குத்தான் வரும். அடிநாதம் போயிடும், மேல இருக்கற கரகரப்பு மட்டும் மிஞ்சும். அதாவது நீங்க திட்டினதை நீங்க கேக்கவே இல்ல.

இன்னிக்குக் காலையில போய்ப் பாத்தா வீடியோவே இல்ல. அந்தப் புள்ள எடுத்துருச்சு. ஹார்ட்டு வாங்கின கமெண்டும் கூடவே போச்சு.