சேரலாம், ஆனால் விதிகளைப் படித்துவிட்டு

சமயத் தலைவர் ஒருவருக்கு, பல சமயத் தலைவர்களின் கூட்டமைப்பில் சேர அழைப்பு வந்தால் ஏற்கலாமா? ஏற்கலாம் என்பதுதான் என் கட்சி. ஆனால் அமைப்பின் விதிகளை ஒரு வரி விடாமல் படித்த பிறகு.

சேர்வதால் என்ன ஆகும் என்பதற்கு மேற்கு ஆப்பிரிக்க நாடான சியரா லியோனைப் பாருங்கள். உள்நாட்டுப் போர் நடுவே 1997இல் முஸ்லிம், கிறிஸ்தவத் தலைவர்கள் சேர்ந்து அங்கே ஒரு மன்றம் தொடங்கினார்கள். அரசோடும் பேசினார்கள், கிளர்ச்சியாளர்களோடும் பேசினார்கள். 1999இல் டோகோ நாட்டின் தலைநகர் லோமேயில் சமாதானப் பேச்சு நடந்தபோதும் கூடவே இருந்தார்கள். ஓர் இமாமோ ஒரு பிஷப்போ தனியாகப் போயிருந்தால், 'அவர் அந்தப் பக்கத்து ஆள்' என்று சொல்லி ஒதுக்குவது எவ்வளவு சுலபம்!

சரி, அப்புறம் ஏன் தயக்கம்? கூட்டறிக்கைதான் காரணம். இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் வரைவு வரும். 'காலை எட்டுக்குள் பதில் இல்லையென்றால் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறோம்' என்று கீழே ஒரு வரி இருக்கும். மறுநாள் உங்கள் பெயரோடு அது செய்தியாகிவிடும். உங்களை நம்பி வழிபட வருகிறவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். இது எனக்குக் கொஞ்சமும் ஒப்பாத விஷயம். தலைவரின் பெயர் அவருடைய சொந்தச் சொத்து அல்ல, அதில் அத்தனை பேரின் நம்பிக்கையும் இருக்கிறது.

பணமும் அப்படித்தான். ரொடீசியாவில் (இன்றைய ஜிம்பாப்வே) வெள்ளையர் ஆட்சியை எதிர்த்து ஆயுதம் ஏந்திப் போராடிய தேசபக்த முன்னணிக்கு 1978இல், பல நாட்டுத் திருச்சபைகளின் கூட்டமைப்பான உலகத் திருச்சபைகள் மன்றம் நிதியுதவி கொடுத்தது. இரட்சணிய சேனை (சால்வேஷன் ஆர்மி) என்ற கிறிஸ்தவ அமைப்பு அந்த மன்றத்தின் தொடக்க கால உறுப்பு. அந்த உதவியை ஏற்க முடியாமல் முதலில் உறுப்புரிமையை நிறுத்திவைத்தது, 1981இல் விலகியே விட்டது. உதவி சரியா தவறா என்பது வேறு விவாதம். உடன்படாத உறுப்புக்கு உள்ளே இருந்து மறுக்க என்ன வழி இருந்தது என்பதே என் கேள்வி.

அதே மன்றத்தில் ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகளுக்கும் நீண்ட காலம் மனக்குறை இருந்தது. எண்ணிக்கையில் தோற்றுக்கொண்டே இருக்கிறோம் என்றார்கள். ஜார்ஜிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபை 1997இல் வெளியேறியது. பல ஆண்டுப் பேச்சுக்குப் பிறகு, 2005இல் பெரும்பான்மை வாக்கை விட்டுவிட்டு ஒருமித்த கருத்தால் முடிவெடுக்கும் முறைக்கு மன்றம் மாறியது. அதில் மாற்றுக் கருத்தைப் பதிவு செய்யவும் இடமுண்டு.

நீங்கள் தேட வேண்டிய விதி இதுதான். அது இருந்தால் தயங்காமல் சேருங்கள், அறிக்கை எழுதும் குழுவிலேயே இடம் கேளுங்கள். இல்லையென்றால் உறுப்பினராகாமலே சேர்ந்து வேலை செய்யலாம். கத்தோலிக்கத் திருச்சபை இன்றும் அந்த மன்றத்தில் உறுப்பு இல்லை. ஆனாலும் 1968 முதல் திருச்சபைகளின் கோட்பாட்டு வேறுபாடுகளை ஆராயும் அதன் 'விசுவாசம், அமைப்பு' ஆணைக்குழுவில் கத்தோலிக்க இறையியலாளர்கள் முழு உறுப்பினர்களாக இருக்கிறார்கள்.